நம் விளக்கும் எதிரே வருபவரின் கண்ணும்

சென்ற ஆண்டு கோடை விடுமுறையின்போது, உறவினர் குடும்பம் ஒன்றுடன் புதுக்கோட்டையிலிருந்து அறந்தாங்கி நோக்கி இரவில் காரில் செல்ல நேர்ந்தது. வண்டியை ஓட்டியவர் அவ்வீட்டின் மூத்த மகன். பொறியியல் படித்து, வேலைக்குச் சேர்ந்து, தம் முதற் சேமிப்பில் பழைய கார் ஒன்றை வாங்கியிருந்தார். வாங்கிய ஒரு மாதத்திற்குள் முகப்பு விளக்குகளைக் கழற்றிவிட்டு, கடையில் விற்கும் எல்.இ.டி. விளக்குகளைப் பொருத்தியிருந்தார். "பாருங்கள் பெரியப்பா, பட்டப்பகல் போல இருக்கிறதல்லவா?" என்று பெருமையுடன் கேட்டார். உண்மையில் அப்படித்தான் இருந்தது. வெண்ணீல ஒளி சாலையோரப் புளியமரங்களின் உச்சிவரை எட்டியது.

சிறிது தொலைவு சென்றதும் எதிரே ஒரு மொபெட் வந்தது. ஓட்டியவர் இடக்கையை உயர்த்திக் கண்களை மறைத்துக்கொண்டார். மறுகணம் அவ்வண்டி தார்ச்சாலையை விட்டு இறங்கி மணலில் சரிந்தது. நாம் காரை நிறுத்தி ஓடினோம். கணவர், மனைவி, இருவருக்கும் இடையே ஐந்து வயதுக் குழந்தை. நல்லவேளையாகச் சிராய்ப்புகளோடு தப்பினர். அவர் சினந்துகொள்ளவில்லை. "தம்பி, உங்கள் வெளிச்சத்தில் எனக்கு ரோடே தெரியவில்லை" என்று மட்டும் சொன்னார். இளைஞரின் முகம் வெளுத்துவிட்டது. "நான் டிம்மில்தானே வந்தேன்!" என்று திரும்பத் திரும்பக் கூறினார்.

அவர் கூறியது பொய்யன்று, நாமே கண்டோம். டிம்மில் வந்த விளக்கு எதிரே வந்தவரின் கண்ணைப் பறித்தது எவ்வாறு? இவ்வினாவுடன், அனுபவமுள்ள கார் எலெக்ட்ரீஷியன் ஒருவரைப் பின்னர் வீட்டுக்கு அழைத்து, அவ்வண்டியில் புதிதாகச் சேர்க்கப்பட்டிருந்த விளக்குகளை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தோம். முகப்பு விளக்கு, பனி விளக்கு, இண்டிகேட்டர், உள்ளே அலங்காரப் பட்டை விளக்கு என நான்கு சேர்க்கைகள். நான்கிலும் நான்கு வகைப் பிழைகள். நம் குடும்பங்கள் பலவற்றிலும் இன்று கார் இருப்பதாலும், பிள்ளைகள் இத்தகைய விளக்குகளில் ஆசை கொள்வதாலும், அன்று கற்றவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

டிம் ஏன் கண்ணைப் பறித்தது?

எல்.இ.டி. என்பது மின்சாரம் பாயும்போது ஒளிரும் ஒரு சிறு குறைக்கடத்தித் துண்டு. கண்ணுக்குப் புலப்படும் செந்நிற எல்.இ.டி. 1962-இல் அமெரிக்காவில் உருவாயிற்று. நீல நிற எல்.இ.டி.யை உருவாக்கிய ஜப்பானிய அறிவியலாளர் மூவருக்கு 2014-ஆம் ஆண்டு இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. நீல ஒளியின் மேல் பாஸ்பர் பூச்சு இட்டே வெண்ணிற ஒளியைப் பெறுகின்றனர். 2007-இல் லெக்சஸ் கார் ஒன்றின் டிம் விளக்காகவும் அது இடம்பெற்றது. குறைந்த மின்சாரம், நீண்ட ஆயுள், நிறைந்த ஒளி ஆகிய அதன் சிறப்புகளை எவரும் மறுப்பதற்கில்லை. குறை விளக்கில் இல்லை. அதனைப் பொருத்தும் இடத்திலும் முறையிலும்தான் உள்ளது.

நம் நாட்டுக் கார்கள் பலவற்றில் உள்ள எச்-4 என்னும் ஹாலஜன் விளக்கை எடுத்துக்கொள்வோம். அதனுள் இரண்டு இழைகள் உண்டு: பிரைட்டுக்கு 60 வாட், டிம்முக்கு 55 வாட். டிம் இழையின் அடியில் சிறு கிண்ணம் போன்ற ஓர் உலோகத் தகடு இருக்கும். இழையின் ஒளி பிரதிபலிப்பானின் கீழ்ப் பாதியில் படாதவாறு அத்தகடு மறைக்கிறது. மேற்பாதியில் பட்ட ஒளி மட்டும் கீழ்நோக்கித் திரும்பிச் சாலையில் விழுகிறது. பிரதிபலிப்பானின் ஒவ்வொரு வளைவும் அந்த மெல்லிய இழை நிற்கும் இடத்தைக் கணக்கிட்டே அமைக்கப்பட்டது.

கடையில் வாங்கிய எல்.இ.டி. விளக்கில் இழைக்குப் பதிலாக, ஒரு தகட்டின் இருபுறமும் ஒளித்துண்டுகள் ஒட்டப்பட்டுள்ளன. இழை நின்ற அதே இடத்தில் அவை நிற்கவேண்டும். சிறிது முன்னோ பின்னோ தள்ளி நின்றாலும், கழுத்து வளையம் சற்றே திரும்பியிருந்தாலும், ஒளி படக்கூடாத வளைவில் பட்டு மேல்நோக்கிச் சிதறும். ஓட்டுநருக்கு மரத்தின் உச்சி தெரிகிறது; எதிரே வருபவருக்கு வழி மறைகிறது. புளியமரத்தின் உச்சியைக் கண்டு மகிழ்ந்தோமே, அதுவே பிழையின் முதல் அடையாளம் என்பதை அப்போது நாம் உணரவில்லை.

மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு நொடியில் ஏறத்தாழ 17 மீட்டர் கடக்கிறது. மூன்று நொடி கண் இருண்டால் 50 மீட்டர் குருட்டுப் பயணம். வயது ஏற ஏற, கூசிய கண் பழைய நிலைக்குத் திரும்ப எடுக்கும் நேரமும் கூடுகிறது. எதிரே வருபவர் முதியவராயின் அவர் நிலை என்ன?

தொழிற்சாலையிலேயே எல்.இ.டி.யுடன் வரும் கார்களின் நிலை வேறு. அவற்றின் வில்லையும் பிரதிபலிப்பானும் எல்.இ.டி.க்கெனவே வடிவமைக்கப்பட்டவை. ஜெர்மனியில் ஹாலஜனுக்குப் பதிலாகப் பொருத்தும் எல்.இ.டி. விளக்கொன்றுக்கு 2020-இல்தான் முதன்முதலாக அனுமதி கிடைத்தது; அதுவும் சோதித்துப் பட்டியலிட்ட குறிப்பிட்ட கார்களுக்கு மட்டுமே. எந்த விளக்கும் எந்தக் கூட்டிலும் பொருந்தும் என்ற எண்ணம் எவ்வளவு பிழையானது என்பதை இது காட்டுகிறது.

பியூஸ் போகாமலே கருகிய வயர்

அடுத்தது பனி விளக்கு. ஒவ்வொன்றும் 20 வாட் வீதம் இரண்டு. மொத்தம் 40 வாட். எஞ்சின் ஓடும்போது காரின் மின்னழுத்தம் ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட்வரை இருக்கும். ஆகவே அவ்விரு விளக்குகளுக்கும் மூன்று ஆம்பியர் அளவில் மின்சாரம் தேவை. இது பெருஞ்சுமை அன்று. எனினும் வயரின் மேலுறை கருகி, பிளாஸ்டிக் நாற்றம் வீசிக்கொண்டிருந்தது.

காரணம் எளியது. பார்க்கிங் விளக்கின் வயரைப் பிளேடால் சீவி, அதன்மேல் புதிய வயரைக் கையால் திருகி, இன்சுலேஷன் டேப் சுற்றிவிட்டிருந்தனர். வண்டியின் அதிர்விலும் மழை ஈரத்திலும் அத்திருகல் தளர்ந்து களிம்பேறியது. தளர்ந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை உண்டானதாகக் கொள்வோம். மூன்று ஆம்பியர் பாயும்போது அவ்விடத்தில் நாலரை வாட் வெப்பம் பிறக்கும். பட்டாணி அளவுள்ள ஓரிடத்தில், காற்றுப் புகாத டேப்பினுள், இடைவிடாது பிறக்கும் அவ்வெப்பம் உறையை உருக்கப் போதுமானது.

"பியூஸ் இருந்ததே, அது ஏன் போகவில்லை?" என்று இளைஞர் கேட்டார். நல்ல கேள்வி. பியூஸ் என்பது மின்சாரம் அளவுக்கு மிஞ்சும்போது மட்டுமே உருகும். தளர்ந்த இணைப்பில் மின்சாரம் கூடுவதில்லை. சற்றுக் குறையவே செய்யும். எனவே பியூஸ் காவல் காப்பது ஒரு வகை ஆபத்துக்கு மட்டுமே. மற்ற வகைக்குக் காவல், நல்ல இணைப்பு ஒன்றே.

முறையான வழி வருமாறு. பாட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து தனி வயர் ஒன்று எடுக்கவேண்டும். பாட்டரிக்கு ஒரு சாண் தொலைவுக்குள் பியூஸ் இருக்கவேண்டும். ஏனெனில் பியூஸுக்கு முன்னுள்ள வயர் உடலில் உரசினால் தடுப்பார் எவருமிலர். கார் பாட்டரி நொடிப்பொழுதில் நூற்றுக்கணக்கான ஆம்பியரைக் கொட்டிவிடும். மூன்று ஆம்பியர் சுமைக்கு ஐந்து ஆம்பியர் பியூஸ் போதும். 'அடிக்கடி போகிறது' என்று இருபது ஆம்பியர் பியூஸ் இடுவதும், ஈயத்தாளைச் சுற்றிச் செருகுவதும் வீட்டுக்குள் நெருப்பை வைத்துப் பூட்டுவதற்கு ஒப்பாகும். பியூஸின் அளவு வயரைக் காப்பதற்கே என்பதை மறத்தல் கூடாது.

சுமை முழுவதையும் சுவிட்சின் வழியே செலுத்தாமல், இடையில் ஒரு ரிலே வைப்பது நலம். ரிலேயின் அடியில் 30, 85, 86, 87 என்ற எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பியூஸிலிருந்து வரும் வயர் 30-இல் சேரும்; விளக்குக்குச் செல்வது 87-இலிருந்து; 85 எர்த்துக்கு; 86 சுவிட்சுக்கு. சுவிட்சின் வழியே செல்லும் சிறிதளவு மின்சாரம் ரிலேயின் உள்ளிருக்கும் காந்தச் சுருளை இயக்க, பெரிய மின்சாரம் 30-இலிருந்து 87-க்குப் பாய்கிறது. சுவிட்சுக்கு வரும் மின்சாரத்தைப் பார்க்கிங் விளக்கின் வழியிலிருந்து எடுத்தால், விளக்குகளை அணைக்கும்போது பனி விளக்கும் தானே அணைந்துவிடும்.

படபடக்கும் இண்டிகேட்டர்

மூன்றாவது, இண்டிகேட்டர். பழைய 21 வாட் விளக்கை எடுத்துவிட்டு எல்.இ.டி. இட்டதும், அது வழக்கத்தைவிட இருமடங்கு வேகத்தில் சிமிட்டத் தொடங்கியது. இது கோளாறு அன்று, எச்சரிக்கை. ஒரு விளக்கு எரியவில்லையெனில் மின்சாரம் குறையும். அதை அறிந்து ஓட்டுநருக்குத் தெரிவிக்கவே சிமிட்டி வேகம் கூடுமாறு அமைத்துள்ளனர். எல்.இ.டி. மிகக் குறைவாக மின்சாரம் எடுப்பதால், விளக்கே இல்லையென்று அது கருதிக்கொள்கிறது.

இதற்குக் கடையில் கொடுத்த மருந்து, ஆறு ஓம் மின்தடை ஒன்று. 12 வோல்ட்டில் அதன் வழியே இரண்டு ஆம்பியர் பாயும். 24 வாட் வெப்பமாக வெளிப்படும். அதாவது, பழைய விளக்கு உண்ட மின்சாரத்தை இப்போது ஒரு மின்தடை வீணே உண்கிறது! அதனை பம்பரின் பிளாஸ்டிக்கில் டேப் வைத்து ஒட்டியிருந்தனர். பிளாஸ்டிக்கில் குழி விழுந்திருந்தது. மின்தடை இட்டே தீரவேண்டுமாயின் உலோகத் தகட்டில் திருகாணியால் பொருத்தவேண்டும். அதனினும் சிறந்தது, தனிச் சிமிட்டி உள்ள பழைய கார்களில், எல்.இ.டி.க்கு ஏற்ற சிமிட்டியை மாற்றிவிடுவது. புதிய கார்களில் சிமிட்டும் வேலையைக் கணினியே செய்கிறது. அங்கே பழைய விளக்கை அப்படியே விட்டுவிடுவதே அறிவுடைமை.

பின்புற விளக்கிலும் ஒரு நுட்பம் உண்டு. பல கார்களில் ஒரே விளக்குக்குள் 5 வாட், 21 வாட் என இரண்டு இழைகள் இருக்கும். பிரேக்கை மிதித்தால் ஒளி பன்மடங்கு கூடும். மலிவான எல்.இ.டி.களில் இவ்வேறுபாடு மிகச் சிறிதே. நாம் பிரேக் போட்டது பின்னால் வருபவருக்குத் தெரியாமற்போனால், அழகிய விளக்கினால் பயன் யாது?

உறங்கும் காரை வற்றவைக்கும் பட்டை விளக்கு

நான்காவது, காலடியில் ஒளிரும் நீலப் பட்டை விளக்கு. அதனை நேரே பாட்டரியில் இணைத்திருந்தனர். எடுக்கும் மின்சாரம் அரை ஆம்பியர்தான். ஆனால் ஒரு நாள் முழுதும் எரிந்தால் 12 ஆம்பியர்-மணி. 35 ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரி மூன்று நாளில் வற்றிவிடும். இரண்டாம் நாளே எஞ்சினைக் கிளப்பத் திணறும். நள்ளிரவில் மருத்துவமனைக்குச் செல்லவேண்டிய வேளையில் கார் கிளம்பாவிட்டால், அந்நீல ஒளி என்ன விலை பெறும்?

இன்னொரு கணக்கும் கவனிக்கத்தக்கது. இத்தகைய பட்டைகளில் மூன்று மூன்று எல்.இ.டி.களை வரிசையாக இணைத்து ஒரு மின்தடை வைத்திருப்பர். ஒவ்வொன்றும் 3.2 வோல்ட் எடுத்தால் மூன்றுக்கும் 9.6. பன்னிரண்டு வோல்ட்டில் எஞ்சுவது 2.4 வோல்ட், 120 ஓம் மின்தடை வழியே 20 மில்லி ஆம்பியர் பாயும். கார் ஓடும்போது அழுத்தம் 14.4 ஆனால் எஞ்சுவது 4.8 வோல்ட், மின்சாரம் ஏறத்தாழ 40 மில்லி ஆம்பியர். அழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு கூட, மின்சாரம் ஏறக்குறைய இருமடங்காகிறது! வீட்டு அலங்காரத்துக்கான பட்டைகள் காரில் விரைவில் கெடுவது இதனாலேயே. காருக்கென்று மின்சாரத்தைச் சீராக்கும் அமைப்புடன் வருவதையே வாங்கவேண்டும். சாவியைத் திருப்பினால் மட்டும் மின்சாரம் வரும் பியூஸிலிருந்து, தனக்கென ஒரு சிறு பியூஸுடன் அதனை இணைக்கவேண்டும். எல்.இ.டி.க்குப் பாசிட்டிவ், நெகட்டிவ் பேதம் உண்டு. மாற்றி இணைத்தால் எரியாது.

கைவைக்குமுன் கவனிக்க வேண்டியவை

வேலையைத் தொடங்குமுன் பாட்டரியின் நெகட்டிவ் முனையை முதலில் கழற்றவேண்டும். பாசிட்டிவ் முனையை முதலில் கழற்ற முயன்றால், ஸ்பானர் தவறி உடலில் படும்போது பெரும் பொறி பறக்கும். கையிலுள்ள மோதிரம், கைக்கடிகாரம் ஆகியவற்றைக் கழற்றி வைத்தல் நன்று. பாசிட்டிவ் முனைக்கும் உடலுக்கும் இடையே அகப்பட்ட மோதிரம் விரலைச் சுட்டுவிடும். மஞ்சள் நிற இணைப்பிகளும் குழாய்களும் பெரும்பாலும் ஏர்பேக்கைச் சார்ந்தவை. அவற்றைத் தொடவே கூடாது; டெஸ்ட் லேம்ப் வைத்துச் சோதிப்பதும் ஆகாது.

வயரைத் திருகி ஒட்டாமல், அளவான லக்கு வைத்து உரிய கருவியால் அழுத்தி, மேலே வெப்பத்தில் சுருங்கும் ஸ்லீவ் போடவேண்டும். எஞ்சின் பகுதியிலிருந்து உள்ளே வரும் துளையில் ரப்பர் வளையம் இன்றியமையாதது; இல்லையேல் தகட்டின் விளிம்பு நாளடைவில் வயரை அறுக்கும். எர்த் எடுக்கும் இடத்தில் பெயின்டைச் சுரண்டி, உலோகத்தோடு நெருங்கப் பொருத்தி, துருப்பிடியாமல் சிறிது கிரீஸ் தடவவேண்டும். விளக்கு மங்குவதற்கும் துடிப்பதற்கும் கெட்ட எர்த்தே பல வேளைகளில் காரணம்.

சட்டமும் இதில் மௌனமாக இல்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், விளக்குக்கு 8 மீட்டர் முன்னால், அரை மீட்டர் வலப்புறம், ஒன்றரை மீட்டர் உயரத்தில் உள்ள ஒருவரின் கண்ணைக் கூசச் செய்யாதவாறு ஒளி கீழ்நோக்கித் திருப்பப்பட வேண்டும் என்கின்றன. 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவும், உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. வயரை அறுத்து இணைத்தால் உற்பத்தியாளரின் உத்தரவாதம் கேள்விக்குள்ளாகலாம் என்பதையும் நினைவிற் கொள்வோமாக.

இழந்த ஒளி எங்கே இருந்தது?

இளைஞரிடம் நாம் கேட்ட கடைசிக் கேள்வி இதுதான்: "பழைய விளக்கை ஏன் மாற்றினீர்கள்?" "வெளிச்சம் போதவில்லை" என்றார். அதனையும் ஆராய்ந்தோம். முகப்புக் கண்ணாடி போலத் தோன்றும் பிளாஸ்டிக் உறை வெயிலில் மஞ்சள் பூத்திருந்தது. பாட்டரியில் 13.8 வோல்ட் இருக்க, விளக்கின் முனையில் மல்டிமீட்டர் 12.2 மட்டுமே காட்டியது. தேய்ந்த சுவிட்சும் துருவேறிய எர்த்தும் மீதியை விழுங்கிவிட்டன. ஹாலஜன் விளக்குக்கு அழுத்தம் பத்து விழுக்காடு குறைந்தால், ஒளி முப்பது விழுக்காடு அளவு குறைந்துவிடும்.

உறையைத் தேய்த்து மெருகேற்றினோம். இரு முகப்பு விளக்குகளுக்கும் பியூஸுடன் ரிலே வைத்து, எர்த்தைப் புதுப்பித்து, தரமான 60/55 வாட் ஹாலஜன் விளக்குகளை இணையாக மாற்றினோம். பின்னர் சமதரையில், சுவருக்குப் பத்து மீட்டர் முன்னால் காரை நிறுத்தி, டிம் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்தைவிடப் பத்து சென்டிமீட்டர் தாழ விழுமாறு திருகாணியைத் திருப்பிச் சரிசெய்தோம். அன்றிரவு மீண்டும் அதே சாலையில் சென்றபோது, சாலை தெளிவாகத் தெரிந்தது. புளியமரங்களின் உச்சி இருளில் இருந்தது. எதிரே வந்த ஒருவரும் கையை உயர்த்தவில்லை.

அன்புக்குரிய பெற்றோரே, உங்கள் வீட்டுப் பிள்ளை புதிய விளக்கு வேண்டும் என்று கேட்டால், உடனே கடிந்துகொள்ளாதீர்கள். உடனே இசையவும் வேண்டாம். ஓர் இரவு வீட்டு முன்றிலில் காரை நிறுத்தி, டிம் விளக்கை ஏற்றச் சொல்லி, எட்டு அடி எடுத்து எதிரே நடந்து சென்று நில்லுங்கள். பிள்ளையையும் நிற்கச் சொல்லுங்கள். மொபெட்டில் அமர்ந்தவரின் கண்ணுயரத்துக்குச் சற்றே குனிந்து விளக்கைப் பாருங்கள். கண் கூசினால், வேறு எவரும் விளக்கிச் சொல்லத் தேவையில்லை.